வேல்ஸ் வணிகக் கப்பல்களில் போன மூதாதையரைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் மனைவி வேல்ஸ்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா கப்பலில் போனவர் என்பது மட்டும்தான் வீட்டில் தெரிந்திருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன், அவர் ஏறிய கப்பல்களின் பெயர்களை வரிசையாக எழுதி முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கப்புறம் இதே வேலையில் இறங்கிய பலருக்கு உதவியிருக்கிறேன். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தேடல் பெட்டியில் 'ஜான் ஜோன்ஸ், மாலுமி' என்று போடுகிறார்கள், நூற்றுக்கணக்கில் வருகிறது, அதில் வயது பொருந்துகிற ஒருவரைத் தாத்தாவாக ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

வரிசை மாறக்கூடாது. முதலில் கரையில் அவருடைய வீடு, பிறகு கப்பல், பிறகு கப்பலின் எண், அதற்கும் பிறகுதான் அவர் பெயர் இருக்கிற தாள்.

1. வீட்டில் இருப்பதை முதலில் திரட்டுங்கள்

இணையத்தைத் திறப்பதற்கு முன் குடும்பத்தில் வயதானவர்களிடம் பேசிவிடுங்கள். பழைய பைபிளின் முதல் பக்கம், இரங்கல் அட்டை, கடிதம், புகைப்படத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். சுவரில் கப்பல் ஓவியம் தொங்கினால் அதன் அடி விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வேல்ஸ் கேப்டன்கள் நேப்பிள்ஸ் போன்ற துறைமுகங்களில் தங்கள் கப்பலை ஓவியமாகத் தீட்டி வாங்கிவருவது வழக்கம், அடியில் கப்பலின் பெயரும் பல சமயம் கேப்டன் பெயரும் எழுதியிருக்கும்.

1900 முதல் மாலுமிகளுக்குத் தொடர் டிஸ்சார்ஜ் புத்தகம் (ஏறி இறங்கிய கப்பல்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் பணிப் புத்தகம்) கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஒரு துண்டுச்சீட்டு. இரண்டில் எது கிடைத்தாலும் அதிலுள்ள எண்களை அப்படியே எழுதி வையுங்கள். பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும், எண் ஒருவருக்குத்தான்.

2. கரையில் அவரை அடையாளம் காணுங்கள்

கடல் ஆவணங்களில் ஒரு மாலுமிக்குப் பெயர், வயது, பிறந்த ஊர், இவ்வளவுதான் இருக்கும். அது உங்கள் ஆள்தானா என்று சொல்ல, கரையிலிருந்து நான்கு விஷயங்களாவது கையில் வேண்டும்: அப்பா பெயர், பிறந்த பாரிஷ் (தேவாலயப் பங்கு), ஏறக்குறையப் பிறந்த ஆண்டு, மனைவி இருந்த வீடு.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இலவச இணைய அட்டவணையில் குழந்தையின் தாய் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கிறது. வேல்ஸில் இது பெரிய வரம். ஜோன்ஸ் என்ற அப்பாக்களைப் பிரிக்க முடியாதபோது அம்மாவின் குடும்பப் பெயர்தான் பிரித்துக் கொடுக்கும். 1837க்கு முன் என்றால் தேவாலயப் பதிவேடு. ஆனால் வேல்ஸ் கடலோரக் குடும்பங்களில் பெரும்பாலோர் சேப்பல்காரர்கள் (இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்ட்டுகள்), அவர்களின் ஞானஸ்நானம் பாரிஷ் புத்தகத்தில் இல்லாமல் சேப்பல் பதிவேட்டில் இருக்கலாம். அப்படி அரசிடம் ஒப்படைக்கப்பட்ட பதிவேடுகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஆர்.ஜி. 4 என்ற தொகுப்பில் இருக்கின்றன.

அடுத்தது சென்சஸ். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். கணக்கெடுத்த இரவில் அவர் கடலில் இருந்தால் வீட்டுப் பட்டியலில் பெயரே இருக்காது. அவரைத் தேடாதீர்கள், மனைவியைத் தேடுங்கள். தொழில் கட்டத்தில் 'மாலுமியின் மனைவி' என்று எழுதியிருப்பார்கள். கப்பலில் இருந்தவர்களுக்குத் தனித் தாள்கள் உண்டு. 1861 முதல் அவை ஓரளவு நன்றாகவே கிடைக்கின்றன. 1841 சென்சஸில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், 34 வயதுக்காரர் 30 ஆகியிருப்பார்.

கல்லறைக்கும் ஒருமுறை போய்வாருங்கள், முடியாவிட்டால் அந்த ஊர்க் குடும்ப வரலாற்றுச் சங்கம் எழுதியெடுத்து வைத்திருக்கிற வாசகங்களைப் பாருங்கள். 'எர் கோவ் அம்' என்றால் நினைவாக என்று பொருள், 'மோர்வர்' என்றால் மாலுமி. கேப்டன் என்றால் கூடவே கப்பல் பெயரும் வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். உடல் கடலோடு போயிருந்தாலும் மனைவியின் கல்லில் அவர் எந்த ஆண்டு, எங்கே மூழ்கினார் என்று எழுதி வைத்திருப்பார்கள். வடமேற்கு வேல்ஸின் கடலோர ஊரான நெவினில் ஒரு கல்லில் அப்படி ஒரு வரியைப் படித்தபோது, நான் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த தேதி கண் முன்னால் இருந்தது.

3. பெயரும் ஊரும் ஏமாற்றும், அதைச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள்

வேல்ஸில் அப்பாவின் முதற்பெயர்தான் மகனுக்குக் குடும்பப் பெயராக வந்தது. நமக்கு இது புரியாத விஷயமில்லை, நம் இனிஷியல் மாதிரிதான். வில்லியம் ஹ்யூஸின் மகன் ஹ்யூ வில்லியம்ஸாக இருப்பான். வடமேற்கு வேல்ஸில் இந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் பல குடும்பங்களில் இருந்தது. ஆகவே 1820க்குப் பக்கத்தில் பிறந்தவரின் அப்பாவுக்கும் அதே குடும்பப் பெயர் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஊரார் ஆளைப் பிரித்தது வீட்டின் பெயரைக் கொண்டு, இல்லாவிட்டால் அவர் ஓட்டிய கப்பலின் பெயரைக் கொண்டு. சென்சஸில் வீட்டின் பெயர் இருந்தால் கட்டாயம் எழுதிவையுங்கள்; செய்தித்தாளிலும் கல்லறையிலும் அதே பெயர் திரும்ப வரும்.

ஊர்ப் பெயர்களில் மூன்று பொறிகள். முதலாவது எழுத்து. வெல்ஷ் மொழியில் ஒற்றை 'எஃப்' எழுத்துக்கு 'வ' ஒலி, ஆகவே நெவினை இன்று 'எஃப்' போட்டு எழுதுகிறார்கள், அன்றைய ஆங்கிலக் குமாஸ்தா 'வி' போட்டு எழுதினார். போர்த்மடோக்கின் கடைசி எழுத்து இன்று 'ஜி', அன்று 'சி', நடுவில் 'ஹெச்'சும் கிடையாது. இரண்டு விதமாகவும் தேடுங்கள். இரண்டாவது, ஒரே பெயரில் இரண்டு ஊர்: கார்டிகன் விரிகுடாவில் ஒரு நியூ கீ, கார்ன்வாலில் இன்னொரு நியூகீ, பெம்புரோக்ஷயரில் ஒரு நியூபோர்ட், மான்மத்ஷயரில் இன்னொன்று. மூன்றாவது, பிறந்த ஊர் என்ற இடத்தில் 'கார்டிகன்' என்றோ 'கேர்னார்வன்' என்றோ இருந்தால் அது ஊராகவும் இருக்கலாம், மாவட்டமாகவும் இருக்கலாம். மாலுமி வாயால் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள், லிவர்பூலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்குச் சிறு கிராமப் பெயரெல்லாம் தெரியாது.

4. எந்தக் காலம் என்று பாருங்கள்

எந்தப் பதிவேட்டில் தேட வேண்டும் என்பதை அவர் கடலில் இருந்த ஆண்டுகள்தான் தீர்மானிக்கும். இதைப் பார்க்காமல் எல்லா இடத்திலும் தேடுவதால்தான் மாதக்கணக்கில் நேரம் போகிறது.

1835க்கு முன் சாதாரண மாலுமிகளுக்கு நாடு தழுவிய பதிவேடு இல்லை. ஆனால் 1786 சட்டத்துக்குப் பிறகு கப்பல்களுக்குப் பதிவேடு உண்டு; அதில் உரிமையாளர்களும் கேப்டனும் இருப்பார்கள். 1824 முதல் ஒரு கப்பல் 64 பங்காகக் கணக்கிடப்பட்டது. விவசாயி, கடைக்காரர், விதவை என்று ஊரே சேர்ந்து ஆளுக்கு ஒன்றிரண்டு பங்கு வாங்கியிருக்கும், மாலுமியாக இல்லாத தாத்தாகூட அதில் அகப்படலாம்.

1835 முதல் 1857 வரை பொற்காலம். 1835இல் வந்த சட்டத்தால் மாலுமிகளைப் பதிவுசெய்ய ஆரம்பித்தார்கள். தேசிய ஆவணக்காப்பகத்தில் 1835-36க்கு பி.டி. 120 (பி.டி. என்பது வணிக வாரியத்தின் ஆவணத் தொகுப்புகளுக்கான குறி), 1835-44க்கு பி.டி. 112, 1845-53க்கு பி.டி. 113, 1853-57க்கு பி.டி. 116. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் இவற்றின் படங்கள் கிடைக்கின்றன. இவற்றில் பி.டி. 113தான் எனக்கு மிகவும் பிடித்தது, அதுதான் மாலுமிச் சீட்டுப் பதிவேடு. பிறந்த தேதி, பிறந்த ஊர், உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், உடம்பிலுள்ள அடையாளம், முதன்முதலில் எந்த ஆண்டு எந்த வேலையாகக் கடலுக்குப் போனார், எழுதத் தெரியுமா என்பது வரை இருக்கும். புகைப்படம் எடுக்காத ஒரு மனிதருடைய முகத்துக்கு இதைவிட நெருக்கமாக நீங்கள் போகவே முடியாது.

1857 முதல் 1913 வரை மையப் பதிவேடே கிடையாது. உங்கள் ஆள் இந்தக் காலத்தவர் என்றால் அவர் பெயரை மட்டும் வைத்துத் தேடி எதுவும் வராததற்கு இதுதான் காரணம். கப்பலைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். வேல்ஸ் கப்பல் தொழில் உச்சத்தில் இருந்ததும் இதே காலத்தில்தான்: போர்த்மடோக்கின் ஸ்லேட், ஸ்வான்ஸியின் தாமிரத் தாது, கார்டிஃபின் நிலக்கரி எல்லாம்.

1918 முதல் 1941 வரை அட்டைப் பதிவுகள். 1918-21 காலத்து சி.ஆர். 10 அட்டைகளில் புகைப்படமும் ஒட்டியிருக்கும், ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். 1913இல் தொடங்கிய பதிவேடு அழிந்துவிட்டது, அந்த இடைவெளியை 1915ஆம் ஆண்டுப் பணியாளர் பட்டியல்கள் (ஒவ்வொரு கப்பலிலும் வேலை பார்த்தவர்களின் பெயர்த் தாள்கள்) ஓரளவு நிரப்பும். தன்னார்வலர்கள் அவற்றை முழுக்கப் பெயர்த்தெழுதி இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறார்கள், 7,50,000க்கும் அதிகமான பெயர்கள். 1941க்குப் பிறகு பி.டி. 382, தனிநபர் கோப்புகளுக்கு பி.டி. 372.

5. கேப்டனா, மேட்டா, சாதாரண மாலுமியா?

குடும்பத்தில் எல்லாத் தாத்தாவும் கேப்டன்தான். சான்றிதழைப் பார்த்துவிட்டு நம்புங்கள். 1850 சட்டத்தால் வெளிநாட்டுப் பயணக் கப்பல்களின் கேப்டனும் மேட்டும் (கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரி) தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பது கட்டாயம் ஆனது, எஞ்சினியர்களுக்கு 1862இல். லண்டன் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ள சான்றிதழ் ஆவணங்கள் 1850-1927 காலத்துக்கு ஆன்செஸ்ட்ரி தளத்தில் இருக்கின்றன. சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பின்னால் உள்ள விண்ணப்பத்தில் அதுவரை அவர் வேலை பார்த்த கப்பல்கள் தேதியோடு வரிசையாக இருக்கும், அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. லாயிட்ஸ் கேப்டன் பதிவேட்டையும், வேல்ஸ் அதிகாரிகளுக்கென்றே தொகுத்த வெல்ஷ் மரைனர்ஸ் இண்டெக்ஸையும் இதே கட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

சான்றிதழ் இல்லையென்றால் அவர் கேப்டன் இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். பிரிட்டனின் கரையோரமாகச் சரக்கு ஏற்றிப்போன சிறு கப்பல்களின் கேப்டனுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. எல்ப் நதி முதல் பிரெஸ்ட் வரையுள்ள ஐரோப்பியக் கரைகூடச் சட்டப்படி உள்நாட்டு வணிகம்தான். அபெர்போர்த், அபெராயிரான், நெவின் போன்ற ஊர்களில் வாழ்நாள் முழுக்கக் கேப்டனாக இருந்து ஒரு தேர்வும் எழுதாதவர்கள் நிறைய. என் மனைவி வீட்டுப் பெரியவரும் அப்படித்தான்.

இளவயதில் கப்பலேறியவர் என்றால் பி.டி. 150 என்ற பயிற்சிப் பையன்களின் அட்டவணையையும் ஒரு பார்வை பாருங்கள்.

6. கப்பலின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

1855 முதல் பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரபூர்வ எண் கொடுத்தார்கள். பெயர் மாறினாலும், உரிமையாளர் மாறினாலும், பதிவுத் துறைமுகம் மாறினாலும் எண் மாறாது. பணியாளர் பட்டியல்களை அடுக்கிவைத்திருப்பது இந்த எண்ணை வைத்துத்தான். எண் இல்லாமல் காப்பகத்துக்குக் கடிதம் எழுதினால் திருப்பிக் கேட்பார்கள்.

எண்ணை எடுக்க க்ரூ லிஸ்ட் இண்டெக்ஸ் திட்டத்தின் தளம் போதும். கப்பல் பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரிலுள்ள எல்லாக் கப்பல்களும், பதிவுத் துறைமுகமும், எண்ணும் வரும். மேரி ஆன், எலிஸா, ஜேன் மாதிரிப் பெயர்களுக்கு நீளமான பட்டியல் வரும். அப்போது பதிவுத் துறைமுகத்தை வைத்து வடிகட்டுங்கள்.

ஆனால் கவனம், பதிவுத் துறைமுகமும் கப்பலின் சொந்த ஊரும் ஒன்றல்ல. போர்த்மடோக்கில் கட்டிய கப்பல்கள் கேர்னார்வனில் பதிவானவை, போர்த்மடோக் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அபெர்டோவி, அபெராயிரான் கப்பல்களை அபெரிஸ்ட்வித்தின்கீழ் தேடுங்கள். பெரிய கப்பல்கள் என்றால் லிவர்பூலையும் சேர்த்துப் பாருங்கள், வடக்கு வேல்ஸ்காரர்களுக்கு அதுதான் தலைநகரம் மாதிரி.

7. தாள் எங்கே இருக்கிறது?

1861 முதலான பணியாளர் பட்டியல்கள் பல இடங்களுக்குப் பிரிந்து போயிருக்கின்றன. அதனால் எந்த ஆண்டு என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு இந்த வரிசையில் போங்கள்.

ஆண்டு 5இல் முடிந்தால் (1865, 1875, 1885 என்று), அல்லது 1861, 1862 என்றால், தேசியக் கடல்சார் அருங்காட்சியகம். மற்ற ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு தேசிய ஆவணக்காப்பகத்தில் பி.டி. 99 தொகுப்பில். 1863-1913 காலத்தில் ஒரு பகுதியை உள்ளூர்க் காப்பகங்கள் எடுத்துக்கொண்டன, வேல்ஸில் இது நமக்கு அதிர்ஷ்டம். குவினெத், க்ளமோர்கன் காப்பகங்களில் கேட்டுப்பாருங்கள். அபெரிஸ்ட்வித்தில் பதிவான கப்பல்களின் பட்டியல்கள் அதே ஊரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன, தன்னார்வலர்கள் பெயர்த்தெழுதியும் வைத்திருக்கிறார்கள். மீதி அத்தனையும், அதாவது மிகப் பெரும்பகுதி, அட்லாண்டிக்குக்கு அப்பால் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ் நகரத்து மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில். அவர்கள் தளத்தில் கப்பலின் எண்ணைப் போட்டால் எந்தெந்த ஆண்டுத் தாள்கள் கையில் இருக்கின்றன என்று காட்டும். நகலுக்குக் கட்டணம் உண்டு.

ஒரே நேரத்தில் பத்து ஆண்டுகளுக்கு நகல் கேட்காதீர்கள். ஒன்றே ஒன்றை வாங்குங்கள், ஏனென்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

8. தாளை வாசிப்பது

பெரிய தாள், மடித்து மடித்து மடிப்பில் எழுத்து தேய்ந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: கையெழுத்து அல்லது குறி, வயது, பிறந்த ஊர், இதற்கு முன் இருந்த கப்பல், சேர்ந்த தேதியும் இடமும், வேலை, சம்பளம், இறங்கிய தேதியும் இடமும் காரணமும்.

'முன் இருந்த கப்பல்' என்ற கட்டம்தான் உங்கள் சாவி. அந்தப் பெயரை எடுத்து, ஆறாம் பகுதிக்குத் திரும்பி அதன் எண்ணைக் கண்டுபிடித்து, அடுத்த தாளை வரவழையுங்கள். அதில் அதற்கு முந்தைய கப்பல். இப்படி ஒவ்வொன்றாகப் பின்னால் போகலாம், அதனால்தான் ஒரே நேரத்தில் மொத்தமாக வாங்க வேண்டாம் என்றேன். இறங்கிய காரணத்தில் 'ரிமெய்ன்ஸ்' என்று இருந்தால் அவர் அதே கப்பலில் தொடர்கிறார், எனவே அதே எண்ணின் அடுத்த தாளைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பயணக் கப்பல்களுக்குப் பயணத்துக்கு ஒரு தாள், கரையோரக் கப்பல்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று, ஜூன் முடிவிலும் டிசம்பர் முடிவிலும்.

வயது இரண்டு மூன்று வருடம் தள்ளியிருந்தால் பயப்படாதீர்கள். பிறந்த ஊரும் முன் கப்பலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மாறாக வயது மட்டும் அச்சாகப் பொருந்தி ஊர் பொருந்தாவிட்டால் அது வேறு ஆள். ஒரு பெண்மணி மூன்று மாதம் பின்தொடர்ந்த ஜான் ஜோன்ஸ் அப்படித்தான் ஆங்கிள்சித் தீவுக்காரராக முடிந்தார், அந்தப் பெண்மணியின் மூதாதையரோ நியூ கீயில் பிறந்தவர்.

இன்னொன்று, மற்ற வரிகளையும் படியுங்கள். வேல்ஸ் சிறு கப்பல்களில் மைத்துனன், அண்ணன் மகன், பக்கத்து வீட்டுப் பையன் எல்லோரும் சேர்ந்தே போவார்கள். சமையல்காரனாகப் போட்டிருக்கும் பதினான்கு வயதுப் பையன் அவருடைய மகனாகக்கூட இருக்கலாம்.

9. கப்பலே தெரியாவிட்டால் செய்தித்தாள்

வேல்ஸ் தேசிய நூலகத்தின் இலவச வெல்ஷ் செய்தித்தாள் தளத்தில் 1919 வரையிலான 11 லட்சம் பக்கங்கள் இருக்கின்றன. கப்பல் செய்திப் பகுதியில் கப்பல் பெயர், அடுத்து கேப்டனின் குடும்பப் பெயர், வந்த இடம் என்றுதான் வரும், முதற்பெயர் இருக்காது. ஆகவே முழுப் பெயரைத் தேடாதீர்கள். வீட்டின் பெயரையும் 'கேப்டன்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள், வெல்ஷ் மொழிப் பத்திரிகைகளுக்கு அதன் வெல்ஷ் வடிவமான 'கப்டென்' என்பதையும் போட்டுப் பாருங்கள். திருமண, மரணச் செய்திகளில் கப்பல் பெயர் வந்துவிடும்.

10. திரும்பி வராதவர்கள்

கடலில் இறந்தவர்களுக்கு, பொதுப் பதிவு அலுவலகத்தின் கடல் இறப்பு அட்டவணை 1837 முதல் உண்டு. இறந்த மாலுமிகளின் சம்பளமும் உடைமைகளும் 1852-1881 காலத்துக்கு பி.டி. 153இல், 1891 முதலான இறப்புகள் பி.டி. 334இல். உலகப் போர்களில் இறந்து கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவகத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம்.

கப்பலோடு காணாமல் போயிருந்தால் இறப்புப் பதிவு இல்லாமலே போகலாம். அப்போது கப்பலின் பதிவு எந்த ஆண்டு, என்ன காரணத்தால் மூடப்பட்டது என்று பாருங்கள்.

எல்லோரும் இறந்தவர்களில்லை, சிலர் வேறு துறைமுகத்தில் இறங்கித் தங்கிவிட்டார்கள். கடைசித் தாளில் இறங்கிய இடத்தைப் பாருங்கள். அது மதராஸ் என்றிருந்தால், மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் என் 2 தொகுப்பில் இருக்கின்றன, ஃபைண்ட்மைபாஸ்டிலும் தேடலாம். வேல்ஸ் பெயருள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தவர்கள் இதே பாதையை எதிர்த்திசையில் நடக்கலாம்: மதராஸ் பதிவில் தொழில் 'மாலுமி' என்றிருந்தால் அவர் வந்த கப்பலைத் தேடுங்கள், கிடைத்தால் அதன் எண்ணோடு ஏழாம் பகுதிக்குப் போங்கள்.